வேலி தாண்டும் மரபணு

2004 ஜூலையில் நெதர்லாந்தில் ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு மார்பில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் வழக்கமாக எடுக்கும் கிருமிச் சோதனையில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருப்பது தெரியவந்தது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளில் ஏறக்குறைய எதற்கும் மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்குத்தான் அந்தப் பெயர். நெதர்லாந்தில் அது அபூர்வம். மருத்துவமனைகளில் எங்கே தென்பட்டாலும் தேடிப்பிடித்து ஒழித்துவிடுவார்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களிடம் கிடைத்தால் யாரும் வியப்பதில்லை. இந்தக் குடும்பத்துக்கோ அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. பெற்றோரைச் சோதித்தபோது அவர்களிடமும் அதே கிருமி இருந்தது. ஆய்வகத்தில் அதை வகைப்படுத்த முயன்றபோது, வழக்கமாகப் பயன்படுத்தும் நொதியால் அதன் டிஎன்ஏவை வெட்டவே முடியவில்லை. விசாரித்ததில் கிடைத்த ஒரே தடயம், அவர்கள் பன்றி வளர்க்கும் குடும்பம் என்பதுதான்.

உடனே அந்த வட்டாரத்துப் பன்றி வளர்ப்போர் 26 பேரைச் சோதித்தார்கள். 6 பேரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது. அந்நாட்டு மருத்துவமனைகளில் சேரும் சாதாரண நோயாளிகளிடம் காணப்படும் விகிதத்தைவிட இது 760 மடங்குக்கும் அதிகம்.

சிசி398 என்று இன்று அழைக்கப்படும் இந்த வகைக் கிருமியின் பூர்வீகத்தை 2012இல் வெளியான ஓர் ஆய்வு ஆராய்ந்தது. 19 நாடுகளிலிருந்து திரட்டிய 89 மாதிரிகளின் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு பலரும் எதிர்பார்க்காதது. அந்தக் கிருமியின் மூதாதை மனிதரிடம்தான் இருந்திருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்தான மெத்திசிலினுக்கு அடங்கும் சாதாரண கிருமியாகத்தான் இருந்திருக்கிறது. மனிதரிடமிருந்து பன்றிகளுக்குப் போன பிறகு, மனித நோய் எதிர்ப்பாற்றலிடமிருந்து தப்பிக்க வைத்திருந்த மரபணுக்களை அது இழந்தது. அங்கே அவற்றுக்கு வேலை இல்லை. பதிலாக, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையும் மெத்திசிலினையும் தாங்கும் மரபணுக்களைப் பெற்றுக்கொண்டது. அந்தச் சீர்வரிசையோடுதான் பண்ணை வேலை செய்பவர்களின் மூக்குக்குள் மறுபடியும் குடியேறியது.

விலங்கிடமிருந்து மனிதனுக்கு நோய் தொற்றுகிறது என்று ஒருவழிப் பாதையாகவே பேசிப் பழகிவிட்டோம். மருந்து எதிர்ப்பைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு போதாது. கோழிகளின் மூட்டுகளைத் தாக்கும் ஒரு ஸ்டஃபைலோகாக்கஸ் வகையும் மனிதரிடமிருந்து கோழிக்குத் தாவியதுதான் என்று 2009இல் கண்டறிந்தார்கள். நாம் கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு. பாதை நெடுக மருந்து தெளிக்கப்பட்டிருப்பதுதான் ஆபத்து.

அந்த மருந்து பண்ணைக்குள் நுழைந்த கதை சுவையானது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இரு அறிவியலாளர்கள் கோழிக்குஞ்சுகளுக்கான மலிவான சத்துணவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சும் கசடில் வைட்டமின் பி12 இருக்கும் என்று நினைத்து அதைத் தீவனத்தில் கலந்தார்கள். குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. பி12 ஒன்றால் மட்டும் அவ்வளவு வளர்ச்சி வந்திருக்க முடியாது. கசடில் ஒட்டியிருந்த துளி ஆன்டிபயாடிக்தான் அந்த வேலையைச் செய்திருந்தது. 1950இல் செய்தி வெளியானதும் கோழி, பன்றி, கன்று எல்லாவற்றின் தீவனத்திலும் சிறிதளவு மருந்து கலப்பது உலக வழக்கமாகிவிட்டது. நோய்க்காக அல்ல, எடைக்காக.

இதில் என் மனத்தை உறுத்துவது அந்தச் 'சிறிதளவு' என்ற சொல்தான். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார்: கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், அந்த மருந்தைத் தாங்கக் கிருமிக்குப் பழக்கிக் கொடுத்ததாகிவிடும். அவர் பயந்தது விவரம் தெரியாமல் குறைவாக மருந்து சாப்பிடும் மனிதரைப் பற்றி. ஐந்தே ஆண்டுகளில் அதே காரியத்தைத் தொழிலாக, டன் கணக்கில், நாள் தவறாமல் செய்யத் தொடங்கினோம்.

குறைந்த அளவு மருந்து குடலில் என்ன செய்யும்? ஒரு விலங்கின் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ சில, பழைய மரபணு மாற்றத்தாலோ வேறு கிருமியிடம் பெற்ற மரபணுவாலோ, மருந்தைத் தாங்கும் திறனை ஏற்கனவே வைத்திருக்கும். மருந்து இல்லாத நாட்களில் அந்தத் திறன் வெறும் சுமை. அதைக் கட்டிக் காக்க ஆற்றல் செலவாகும், போட்டியில் பின்தங்க வேண்டியிருக்கும். மருந்து வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. போட்டியாளர்கள் சாகிறார்கள் அல்லது முடங்குகிறார்கள். காலியான இடத்தையும் உணவையும் தாங்கிநின்றவை பிடித்துக்கொள்கின்றன. சில வகைகள், சூழல் சாதகமானால், அரைமணி நேரத்துக்குள் இரட்டிப்பாகக் கூடியவை. சில நாட்களில் குடலின் முகமே மாறிவிடும்.

இதோடு முடிந்திருந்தால்கூடச் சிக்கல் சிறியதுதான். கோழியின் குடலுக்குப் பழகிய பாக்டீரியா மனிதக் குடலில் நெடுநாள் தங்குவதில்லை, வந்து போய்விடும். ஆனால் தங்கவேண்டிய அவசியமே அதற்கு இல்லை என்பதை ஜப்பான் காட்டியது. 1950களில் அங்கே சீதபேதி நோயாளிகளிடம் ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்க்கும் ஷிகெல்லா கிருமி கிடைத்தது. நான்கு மருந்துக்கும் தனித்தனியாக மரபணு மாற்றம் நிகழ்ந்து, நான்கும் ஒரே கிருமியில் சேர்வது நம்ப முடியாத தற்செயல். அதே நோயாளிகளின் குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலை பாக்டீரியாவிலும் அதே நான்கு எதிர்ப்புகள் இருந்தன. 1959இல் ஆய்வாளர்கள் எதிர்ப்புள்ள கிருமியையும் எதிர்ப்பற்ற கிருமியையும் ஒரே குழாயில் கலந்து வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு மொத்தமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போயிருந்தது.

போனது பிளாஸ்மிட் எனப்படும் சின்னஞ்சிறு டிஎன்ஏ வளையம். பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏவிலிருந்து தனித்து நிற்கும் கைப்பை போன்றது அது. அந்தக் காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைத் தொடுகிறது. இழை சுருங்க, இரண்டும் நெருங்கி உடலோடு உடல் ஒட்டுகின்றன. வளையத்தின் இரு இழைகளில் ஒன்று அறுந்து, நூல்கண்டு பிரிவது போல ஒரு முனையிலிருந்து அடுத்த உடலுக்குள் நுழைகிறது. இங்கே மிஞ்சிய இழைக்கும் அங்கே போன இழைக்கும் உடனுக்குடன் துணை இழைகள் உருவாகின்றன. சில நிமிடங்களில் இரண்டும் பிரிகின்றன. கொடுத்தது எதையும் இழக்கவில்லை. பெற்றது இப்போது நான்கு மருந்துகளைத் தாங்கும். இரண்டும் ஒரே இனமாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கோழிப் பாக்டீரியா மனிதக் குடலில் ஒரே இரவு தங்கிப் போனாலும், அந்த இரவில் வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இதை உண்மையான பண்ணையில் படிப்படியாகப் பார்த்தவர் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி. 1970களில் பாஸ்டனுக்கு அருகே ஒரு பண்ணைக் குடும்பத்தின் இடத்தில், கோழிக்குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனமும் மற்றதற்கு மருந்தில்லாத தீவனமும் கொடுத்தார். வாரந்தோறும் கோழி எச்சத்தையும் அந்த வீட்டாரின் மலத்தையும் எடுத்துச் சோதித்தார். அண்டை வீட்டாரின் மாதிரிகளும் ஒப்பீட்டுக்கு இருந்தன.

அந்தச் சோதனையின் அடிப்படை எளிமையானது. கண்ணாடித் தட்டில் ஊட்டக்கூழை ஊற்றி உறையவைத்து, மேலே கிருமியைப் பரப்பி, மருந்தில் தோய்த்த பொட்டு அளவுக் காகிதவட்டை நடுவில் வைப்பார்கள். மறுநாள் காலை தட்டு முழுவதும் பால் ஆடை படிந்தது போலக் கிருமி வளர்ந்திருக்கும். வட்டைச் சுற்றி மட்டும் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போலத் தெளிவான வளையம் தெரியும். மருந்து போதிய அளவு எட்டிய இடமெல்லாம் கிருமி வளரவில்லை என்று பொருள். எதிர்ப்புள்ள கிருமியானால் அந்த வளையமே இருக்காது. ஆடை வட்டின் விளிம்பு வரை வந்து முட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வளையம் இல்லாத காட்சி வயிற்றைக் கலக்கும்.

மருந்துத் தீவனம் தின்ற குஞ்சுகளின் குடலில் சில நாட்களிலேயே டெட்ராசைக்ளினை எதிர்க்கும் கிருமிகள் பெருகிவிட்டன. பிறகு மருந்தில்லாத தீவனம் தின்ற கோழிகளிடமும் தலைகாட்டின. ஐந்தாறு மாதங்களில் அந்த வீட்டு மனிதர்களின் முறை வந்தது. அவர்களுடைய வாராந்திர மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், குடல் பாக்டீரியாக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எதிர்ப்புள்ளவையாக இருந்தன. அண்டை வீட்டாரின் மாதிரிகளில் அது 6.8 சதவீதம்தான். அந்த வீட்டார் ஒருவரும் டெட்ராசைக்ளின் சாப்பிடவில்லை. கோழிகளுக்குத் தீவனம் வைத்தார்கள், கூண்டைச் சுத்தம் செய்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்றையும் லெவி குறித்து வைத்தார்: கோழிகளுக்குக் கொடுத்தது ஒரே மருந்து, பரவிய கிருமிகளில் பல, வேறு சில மருந்துகளையும் சேர்த்தே எதிர்த்தன. ஒரே வளையத்தில் பல எதிர்ப்புகள் கோத்திருப்பதன் விளைவு அது. 1976இல் ஆய்வு வெளியானது. மருந்துத் தீவனத்தை நிறுத்தி ஆறு மாதம் ஆனபின் சோதித்த 10 பேரில் 8 பேரிடம் டெட்ராசைக்ளின் எதிர்ப்புக் கிருமிகள் தட்டுப்படவில்லை.

பிரிட்டனில் இதற்கு முன்பே, 1969இல், ஸ்வான் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. கன்றுகளிடமிருந்து மனிதருக்குப் பரவிய, பல மருந்தை எதிர்க்கும் சால்மோனெல்லா என்ற குடல் கிருமியைப் பார்த்து அமைத்த குழு அது. மனிதச் சிகிச்சைக்குத் தேவையான மருந்துகளை வளர்ச்சி ஊக்கியாகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையில் ஓர் ஓட்டை இருந்தது. மனிதருக்குப் பயன்படாத, ஆனால் மனித மருந்துக்கு உடன்பிறப்பு போன்ற மருந்தைக் கொடுத்தால்?

அவோபார்சின் அப்படிப்பட்டது. ஐரோப்பாவில் கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். மனிதருக்கு யாரும் அதை எழுதித் தருவதில்லை. ஆனால் அது வான்கோமைசினின் நெருங்கிய உறவு. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்காக மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்த மருந்து வான்கோமைசின். பாக்டீரியாவின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றைத் தாங்கக் கற்றது மற்றொன்றையும் தாங்கும். 1994இல் டென்மார்க்கில் மனிதருக்குப் பயன்படுத்திய வான்கோமைசின் 24 கிலோ. விலங்குகளுக்குக் கொடுத்த அவோபார்சின் 24,000 கிலோ. மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாகச் சிக்கனம் பிடித்த அதே நேரத்தில், பண்ணையில் அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். இந்த இரு எண்களை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

டென்மார்க் 1995இலும் ஜெர்மனி 1996இலும் அவோபார்சினைத் தடை செய்தன. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. பலன் கண்ணுக்குத் தெரிந்தது. ஜெர்மனியின் ஒரு பகுதியில் வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமியைக் குடலில் சுமந்த ஆரோக்கியமான மக்கள் 1994இல் 12 சதவீதம். 1997இல் 3 சதவீதம். டென்மார்க்கின் கோழிகளிலும் எதிர்ப்பு மளமளவென்று இறங்கியது.

பன்றிகளில் மட்டும் இறங்கவில்லை. அவோபார்சின் நின்று ஆண்டுகள் ஓடியும் எதிர்ப்பு அப்படியே நின்றது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. பன்றிகளுக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. டைலோசினைத் தாங்கும் மரபணுவும் வான்கோமைசினைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் அருகருகே அமர்ந்திருந்தன. டைலோசின் கொடுக்கக் கொடுக்க, அந்த வளையம் முழுவதும் காப்பாற்றப்பட்டது. 1998இல் டைலோசினையும் வளர்ச்சிக்குக் கொடுப்பதை நிறுத்திய பிறகுதான் பன்றிகளிலும் எண்ணிக்கை விழுந்தது. எந்த மருந்தை நிறுத்தினால் எந்த எதிர்ப்பு குறையும் என்று மருந்தின் பெயரைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. எந்த மரபணு எதோடு கோத்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அடுத்த அடி கோலிஸ்டினில் விழுந்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதற்காக மருத்துவர்கள் ஒரு காலத்தில் ஒதுக்கிய பழைய மருந்து அது. மற்றவை தோற்க ஆரம்பித்தபோது கடைசிப் புகலாக அதையே மறுபடியும் கையில் எடுத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அது பண்ணைகளில் மலிவாகப் புழங்கிக்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். ஷாங்காயில் ஒரு பன்றியிடமிருந்து எடுத்த ஈ. கோலையில் அது முதலில் சிக்கியது. கோலிஸ்டின் எதிர்ப்பு அதுவரை முதன்மை டிஎன்ஏவில் நிகழும் மாற்றமாகவே தெரிந்திருந்தது. சந்ததிக்குப் போகும், அண்டை கிருமிக்குப் போகாது. எம்.சி.ஆர்-1 இருந்ததோ பிளாஸ்மிட்டில். பரிசோதித்த விலங்கு மாதிரிகளில் 21 சதவீதத்திலும், பச்சை இறைச்சி மாதிரிகளில் 15 சதவீதத்திலும், மருத்துவமனை நோயாளிகளின் மாதிரிகளில் 1 சதவீதத்திலும் அது கிடைத்தது. அந்த இறங்குவரிசையே எது ஊற்று என்று சுட்டியது. பழைய மாதிரிகளைத் தேடி எடுத்துச் சோதித்த நாடுகளில் பலவற்றில் அது ஏற்கனவே வந்திறங்கியிருந்தது.

சீனா 2017 ஏப்ரல் முடிவிலிருந்து கோலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. பன்றிகளில் கோலிஸ்டினை எதிர்க்கும் ஈ. கோலை 34 சதவீதத்திலிருந்து இரண்டே ஆண்டுகளில் 5.1 சதவீதத்துக்கு வந்தது. எம்.சி.ஆர்-1 மரபணுவைச் சுமந்த மனிதரின் விகிதம் 2016இல் 14.3 சதவீதம், 2019இல் 6.3 சதவீதம். குறைந்தது, ஒழியவில்லை.

கனடாவின் கியூபெக் மாநிலம் இன்னும் துல்லியமான சாட்சி. அங்கே பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் மருந்தை ஊசியால் செலுத்தி வந்தார்கள். கடையில் விற்ற கோழியிறைச்சியிலும் நோயாளிகளிடமும் ஒரே வகைச் சால்மோனெல்லாவின் எதிர்ப்பு சேர்ந்தே ஏறியது. 2005இல் தாமாகவே நிறுத்தினார்கள். இரண்டு கோடுகளும் இறங்கின. 2007இல் ஓரளவு மறுபடி தொடங்கினார்கள். இரண்டும் மறுபடி ஏறின.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாப் பழியையும் பண்ணைமேல் போடுவது நேர்மையாகாது. அமெரிக்காவில் அவோபார்சின் அனுமதிக்கப்பட்டதே இல்லை. ஆனாலும் வான்கோமைசின் எதிர்ப்பு அங்கே மருத்துவமனைகளை உலுக்கியது. அங்கே காரணம் வார்டுகளிலேயே வான்கோமைசினைக் கணக்கில்லாமல் பயன்படுத்தியது. கிழக்கு இங்கிலாந்தில் இரத்தத் தொற்று நோயாளிகளின் ஈ. கோலையையும் பண்ணைகளின் ஈ. கோலையையும் மரபணு அளவில் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை என்றே அதில் தெரிந்தது. மனிதர் தமக்குள் பரப்பிக்கொள்ளும் எதிர்ப்பே அதிகம். ஆனால் எம்.சி.ஆர்-1 போன்ற ஒரு மரபணு வேலி தாண்டுவது அடிக்கடி நடக்கத் தேவையில்லை. ஒருமுறை தாண்டி, மனிதரிடையே நன்றாகப் பரவும் ஒரு கிருமிக்குள் அமர்ந்துவிட்டால், அதன்பின் பண்ணையின் உதவி அதற்கு வேண்டாம். அதனால்தான் சராசரிக் கணக்குகளை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய என்னால் முடியவில்லை.

தாண்டும் வழிகள் பல. நன்கு வேகவைத்த இறைச்சியில் கிருமி சாகிறது. வேகவைக்கும் முன் அதை வெட்டிய பலகையும் கத்தியும் கையும் அடுத்து காய்கறியைத் தொடுகின்றன. விலங்குக்குக் கொடுத்த மருந்தில் கணிசமான பகுதி சிதையாமலே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறி, எருவாக வயலுக்குப் போய், மண்ணிலும் நீரிலும் கிருமிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தொடர்கிறது. ஈக்களும் கொட்டில்களின் தூசியும் தம் பங்குக்குச் சுமக்கின்றன. எல்லோருக்கும் முன்னால் அகப்படுபவர்கள் கொட்டிலில் நின்று வேலை செய்பவர்கள். நெதர்லாந்தில் உயிருள்ள பன்றிகளோடு பழகுகிறவர் மருத்துவமனையில் சேர்ந்தால், சோதனை முடிவு வரும் வரை தனி அறையில் வைக்கிறார்கள். தம் தொழிலுக்காக ஒருவர் இப்படித் தள்ளிவைக்கப்படுவதை நினைத்தால் மனம் கனக்கிறது. தீவனத்தில் என்ன கலப்பது என்று முடிவு செய்தது பெரும்பாலும் அவர் அல்ல.

நோயுற்ற விலங்குக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும், மறுப்பது கொடுமை. கேள்வி, நோயில்லாத மந்தைக்கு ஏன் கொடுக்கிறோம் என்பது. ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதலும் வளர்ச்சி ஊக்கிகளை முற்றாகத் தடை செய்தன. 2022 ஜனவரியிலிருந்து ஒன்றியத்தில், நோய் வந்துவிடுமோ என்று மந்தை முழுவதற்கும் வழக்கமாகக் கொடுப்பதும் சட்டவிரோதம். நார்வேயின் சால்மன் மீன் பண்ணைகள் 1987இல் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவழித்தன. மீன்களுக்குத் தடுப்பூசி வந்தபின், மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்து ஓரிரு டன்னுக்குக் கீழே போனது.

பன்றிகளில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. தாயிடமிருந்து பிரிக்கும் குட்டிகளுக்குக் கழிச்சல் வருவதுதான் தீராத தலைவலி. ஆன்டிபயாடிக்கைக் குறைத்த ஐரோப்பியப் பண்ணைகள் பலவும் துத்தநாக ஆக்சைடைத் தீவனத்தில் அதிக அளவில் கலந்து சமாளித்தன. பிறகு பார்த்தால், சிசி398 கிருமியில் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணு, மெத்திசிலினைத் தாங்கும் மரபணு இருக்கும் அதே துண்டில் இருந்தது. டைலோசின் பாடம் மறுபடியும் வந்து நின்றது. 2022 ஜூனில் மருந்தளவுத் துத்தநாகத்துக்கும் ஒன்றியத்தில் தடை வந்தது. மிஞ்சியிருப்பது பழைய வழிதான்: குட்டியைத் தாயிடம் இன்னும் சில நாட்கள் விட்டுவைத்தால், பால் மறப்பதற்குள் அதன் குடல் ஓரளவு முதிர்ந்துவிடும். ஆனால் அந்த நாட்களில் தாய்ப்பன்றி அடுத்த ஈற்றுக்குத் தயாராகாது. ஆண்டுக்கு ஈனும் குட்டிகளின் எண்ணிக்கை குறையும். அந்தக் குறைவின் விலையை வளர்ப்பவர் தாங்குவதா, வாங்கி உண்பவர் தாங்குவதா, அரசு தாங்குவதா என்பதில்தான் வாதம் இன்று நடக்கிறது.